எட்டெழுத்துக்குள் அடங்காத ஊர்

(கணிப்பொறி இயக்க முறைமைகளும் பெயரிடும் மரபும் என்ற பொருள் பற்றி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, குப்பம் நகருக்கு அருகே அமைந்திருப்பது ராமகுப்பம். 1985-ஆம் ஆண்டில் ஆந்திராவில் தாலுகா முறை நீங்கி மண்டல முறை வந்தபோது இவ்வூர் மண்டலத் தலைமையிடம் ஆயிற்று. தெலுங்கும் தமிழும் கன்னடமும் சந்தையில் ஒன்றாக ஒலிக்கும் வட்டாரம் இது. இவ்வூரின் பெயரைத் தமிழில் ஆறு எழுத்துகளில் எழுதிவிடலாம். பழைய மரபின்படி முன்னே இகரம் சேர்த்து இராமகுப்பம் என்று எழுதினால் ஏழு. ஆங்கிலத்தில் எழுதினால் பத்து. கணிப்பொறி நம் அலுவலகங்களுக்கு வந்த புதிதில் ஒரு கோப்பின் பெயர் எட்டு ஆங்கில எழுத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இருந்தது. ஆகவே இவ்வூரின் பெயரில் இரண்டு எழுத்துகள் மிகுதி. அந்த விதி எங்கிருந்து வந்தது, அது நீங்கிய பின்னும் அதன் நிழல் ஏன் நீங்கவில்லை என்பதே இவ்வுரையின் பொருள்.

கோப்புக்குப் பெயரிடுதல் அலுவலர்களுக்குப் புதிய செய்தியன்று. பழைய சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்த டாட்டன்ஹாம் முறை, சித்தூரிலும் வேலூரிலும் தலைமுறை தலைமுறையாகப் பின்பற்றப்பட்டது. அதில் ஒவ்வொரு தபாலுக்கும் ஓர் எண், அது சேரும் பிரிவின் அடையாளம், ஆண்டு ஆகியவை உண்டு. காரியம் முடிந்தபின் அக்கோப்பை எவ்வளவு காலம் பாதுகாக்க வேண்டும் என்பதை அறிவிக்கும் முன்னெழுத்தும் உண்டு. பொருள் என்ற இடத்தில் எழுத்தர் எத்தனை சொல் வேண்டுமானாலும் எழுதலாம், காகிதம் மறுப்பதில்லை. பெயரின் நீளத்தைக் காகிதத்தின் அகலம் தீர்மானித்ததே தவிர, வேறு எதுவும் தீர்மானிக்கவில்லை.

கணிப்பொறியில் அவ்வாறு இல்லை. கோப்புகளை எங்கே வைப்பது, எப்பெயரால் அழைப்பது, எப்படித் திரும்ப எடுப்பது என்ற பணிகளை ஆப்பரேட்டிங் சிஸ்டம் எனப்படும் இயக்க முறைமை செய்கிறது. இதனை ஓர் அலுவலகத்தின் பதிவறை எழுத்தரோடு ஒப்பிடலாம். தொடக்க காலத்து நினைவகம் விலை மிக்கது. ஒவ்வொரு எழுத்துக்கும் இடம் அளந்து கொடுக்க வேண்டியிருந்தது.

ஆறும் மூன்றும், எட்டும் மூன்றும்

அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் 1960-களில் உருவாக்கிய பிடிபி-6, பிடிபி-10 என்ற பொறிகளில் நினைவகத்தின் ஒரு சொல் என்பது 36 பிட் கொண்டது. ஓர் எழுத்துக்கு 6 பிட் என்று வைத்தால் 64 குறிகள் கிடைக்கும். பெரிய எழுத்துகளும் எண்களும் சில நிறுத்தக் குறிகளும் இதற்குள் அடங்கும். சிறிய எழுத்துகளுக்கு இடமில்லை. 36-ஐ 6-ஆல் வகுத்தால் 6. ஆகவே ஒரு கோப்பின் பெயர் சரியாக ஆறு எழுத்து, ஒரே சொல்லில் அடங்கும். கோப்பின் வகையைச் சொல்லும் பின்னொட்டுக்கு அரைச் சொல், அதாவது 18 பிட். அதில் மூன்று எழுத்து. இன்றைக்கும் கோப்புப் பெயரின் இறுதியில் ஒரு புள்ளி வைத்து மூன்று எழுத்துகளால் வகையைக் குறிக்கிறோமே, அந்த மூன்றுக்கு மூலம் இந்த அரைச் சொல்தான். இலக்கணமோ அழகுணர்ச்சியோ இதற்குக் காரணமன்று. வெறும் வகுத்தல் கணக்கே காரணம்.

1974-இல் கேரி கில்டால் என்பவர் சிறு கணிப்பொறிகளுக்கென சிபி/எம் என்ற இயக்க முறைமையை எழுதினார். அவர் பயன்படுத்திப் பழகியது பிடிபி-10. அவர் எழுதியதோ 8 பிட் நுண்செயலிக்கு. 36 பிட் சொல் அங்கே கிடையாது. ஆறும் மூன்றும் என்ற கணக்கிற்குத் தேவையும் கிடையாது. ஆயினும் பெயர், புள்ளி, மூன்றெழுத்துப் பின்னொட்டு என்ற வடிவம் அப்படியே வந்தது. பெயர் மட்டும் எட்டெழுத்தாக நீண்டது. 1980-இல் டிம் பேட்டர்சன் எழுதிய இயக்க முறைமை சிபி/எம்-இன் நடைமுறைகளை ஒட்டியது. அதனை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வாங்கியது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியில் அதுவே டாஸ் என்ற பெயரில் அமர்ந்தது. இவ்வாறு ஒரு பொறியின் சொல்லளவு, அப்பொறியே இல்லாத இடங்களில் சட்டமாயிற்று.

இதே காலத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-இல் தொடங்கிய யூனிக்ஸ் வேறு வழியில் சென்றது. அதன் பெயர்ப்பட்டியலில் ஒரு பதிவுக்கு 16 பைட். இரண்டு பைட் உள் எண்ணுக்கு, மீதி 14 பெயருக்கு. ராமகுப்பம் அதில் தாராளமாக அடங்கும். யூனிக்ஸின் கட்டளைகள் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களாக இருப்பதற்கு மெதுவாக இயங்கிய தந்தி அச்சுப் பொறியும் ஒரு காரணம். கோப்பை உருவாக்கும் கட்டளையின் ஆங்கிலச் சொல்லில் கடைசி எழுத்தை விட்டது பற்றித் தாம்சனே பிற்காலத்தில் வேடிக்கையாக வருந்தியதுண்டு. ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த எழுத்து சேர்க்கப்படவில்லை. சேர்த்தால் எழுதப்பட்ட நிரல்கள் எல்லாம் நின்றுவிடும்.

பதிவறையில் நேர்ந்தவை

1976-இல் அமைந்த தேசியத் தகவலியல் மையம் 1980-களின் பிற்பகுதியில் கணிப்பொறியை மாவட்டங்களுக்குக் கொண்டு சென்றது. அடுத்த பத்தாண்டுகளில் அது தாழ்நிலை அலுவலகங்களுக்கும் பரவியது. 1998-இல் ஆந்திரப் பிரதேசப் பத்திரப் பதிவுத்துறை கார்டு என்ற திட்டத்தின் மூலம் சார்பதிவாளர் அலுவலகங்களைக் கணிப்பொறி மயமாக்கியது. 2002-இல் குப்பம் வட்டாரத்தை ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் மாநில அரசோடு சேர்ந்து தனது ஐ-கம்யூனிட்டி திட்டத்திற்குத் தேர்ந்தெடுத்தது. இத்தனையும் நடந்தபோது எழுத்தர்கள் சந்தித்த சிறிய இடர்ப்பாடுகளைத் திட்ட அறிக்கைகளில் காண்பது அரிது. அவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

டாஸ் முறைமையில் எட்டுக்கு மேற்பட்ட எழுத்துகளைத் தட்டினால் அது பிழை என்று அறிவிப்பதில்லை. மிகுதியை ஓசையின்றி உதிர்த்துவிடும். ராமகுப்பம் என்று பத்தெழுத்தை எழுதி, இறுதியில் 85 என்று ஆண்டைச் சேர்த்த கோப்பு ஒன்று. 86 என்று சேர்த்த கோப்பு ஒன்று. இரண்டுக்கும் முதல் எட்டு எழுத்தும் ஒன்றே. இரண்டாவதை நகலெடுத்தால் அது முதலாவதன் மீது ஏறிக்கொள்ளும். ஓராண்டுக் கணக்கு மறைந்துபோகும். பழுதான பொறியாலோ பொறுப்பற்ற எழுத்தராலோ நேர்ந்த இழப்பன்று இது. ஊரின் பெயர் நீளம் என்பதே குற்றம்.

இதனைத் தவிர்க்க உயிரெழுத்துகளை நீக்கிச் சுருக்கும் பழக்கம் பரவியது. ஆங்கிலச் சொற்களுக்கு இது ஓரளவு பொருந்தும். தமிழ், தெலுங்கு ஊர்ப்பெயர்களுக்குப் பொருந்தாது. ராமபுரம், ராமாபுரம், ரெமாபுரம் எல்லாம் உயிர் நீங்கினால் ஒரே மெய்தான். மற்றொரு வழி, பெயரை விட்டு எண்ணைக் கைக்கொள்வது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் இதற்கு உதவின. 2011 கணக்கெடுப்பில் ஆந்திரப் பிரதேசத்தின் எண் 28. சித்தூர் மாவட்டத்தின் எண் 554. சிற்றூர்களுக்கு ஆறிலக்க எண். எண் குழப்பாது என்பது பொதுவாக உண்மையே. ஆனால் எண்ணும் பலவாகப் பெருகும். 2014-இல் மாநிலம் பிரிந்தபின், 2017-இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரிக்கு ஆந்திரப் பிரதேசத்தின் எண் 37. ஒரே மாநிலம், இரு துறைகளில் இரு எண்கள். 2022-இல் சித்தூர் மாவட்டமே பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. பழைய 554 என்பது இன்றைய சித்தூரைக் குறிப்பதன்று என்பதைப் புள்ளிவிவரங்களை ஒப்பிடும் மாணவர்கள் மறக்கலாகாது.

அடுத்தது, தடைசெய்யப்பட்ட பெயர்கள். விசைப்பலகையும் திரையும் சேர்ந்த முனையத்திற்கும், அச்சுப் பொறிக்கும், துணைக் கருவிக்கும், ஒன்றுமில்லை என்பதற்கும் டாஸ் முறைமை மூன்றெழுத்துப் பெயர்களை ஒதுக்கி வைத்தது. தொடக்க டாஸில் உள்ளடைவுகள், அதாவது கோப்புக்குள் கோப்பு வைக்கும் அடுக்குகள் கிடையாது. அவை 1983-இல் இரண்டாம் பதிப்போடுதான் வந்தன. அவ்வாறு வந்தபோது, பழைய நிரல்கள் தடைப்படக் கூடாது என்பதற்காக அவ்வொதுக்கீடு எல்லா அடுக்குகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. விண்டோஸ் இன்றும் அதைக் காக்கிறது. சில்லறைச் செலவினக் கோப்புக்கு ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்றெழுத்தைப் பெயராக வைக்க முயலும் எழுத்தர் மறுக்கப்படுவார். பி.ஆர்.என். என்ற முன்னெழுத்துகள் உடைய அலுவலரும் தம் பெயரில் ஓர் அடைவு திறக்க இயலாது. அது அச்சுப் பொறியின் பெயர்.

எல்லாவற்றிலும் வருவாய்த்துறைக்கு நெருக்கமானது சாய்கோட்டின் கதை. நிலத்தின் சர்வே எண்ணுக்கு உட்பிரிவு உண்டானால் 112/2, அது மேலும் பிரிந்தால் 112/2அ என்று எழுதுவது நம் நாட்டு வழக்கம். யூனிக்ஸ் அடுக்குகளைப் பிரித்துக் காட்டச் சாய்கோட்டை எடுத்துக்கொண்டது. இணையத்தின் முகவரிகளிலும் அதுவே நிலைத்தது. டாஸ் முதற் பதிப்பில் சாய்கோடு கட்டளையின் விருப்பங்களைக் குறிக்கப் பயன்பட்டது. ஆகவே இரண்டாம் பதிப்பில் அடுக்குகளைப் பிரிக்க எதிர்ச்சாய்கோட்டை நாட வேண்டியதாயிற்று. விளைவு, விண்டோஸ் கோப்புப் பெயரில் இரண்டு கோடுகளுக்கும் இடமில்லை. சர்வே எண்ணை அப்படியே கோப்புக்குப் பெயராக வைக்க முடியாத எழுத்தர் இடைக்கோட்டை இடுகிறார். 112-2 என்பது ஆகிறது. இடைக்கோடோ ‘முதல் வரை’ என்றும் பொருள்படும். 112-114 என்ற கோப்பு மூன்று சர்வே எண்களையா, ஓர் உட்பிரிவையா குறிக்கிறது என்பதை எழுதியவரைக் கேட்டால்தான் தெரியும்; அவர் மாற்றலாகிப் போயிருப்பார். கணக்கு அட்டவணை நிரலில் 3/4 என்ற உட்பிரிவை எழுதினால் அது அதனைத் தேதியாக மாற்றிக்கொள்வதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பத்தாயிரம் வரிகளில் ஒன்று தேதியாக மாறினால் யார் காண்பார்?

பழைய பெயரின் ஆயுள்

பெயரிடும் மரபு அதன் காரணம் மறைந்தபின்னும் வாழ்வது கணிப்பொறிக்கே உரிய இயல்பன்று. குப்பத்திலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில் பங்காருப்பேட்டை சந்திப்பு உள்ளது. அதன் ஆங்கிலக் குறியீட்டு எழுத்துகளில் பங்காருப்பேட்டைக்கு உரிய ஒலி முழுமையாக இல்லை. முன்பு அவ்வூருக்கு வழங்கிய பௌரிங்பேட்டை என்ற பெயரிலிருந்து வந்த எழுத்துகள் அவை. சென்னை சென்ட்ரலின் குறியீட்டில் இன்றும் மெட்ராஸ் இருக்கிறது. தந்திக் காலத்தில் சிக்கனத்திற்காக வைத்த சுருக்கம் பயணச்சீட்டு முன்பதிவுக் கணிப்பொறியில் நிலைபெற்றது. பெயர்ப்பலகையை மாற்ற ஓர் அரசாணை போதும். குறியீட்டை மாற்ற ஆயிரம் அட்டவணைகளைத் தொட வேண்டும்.

தனியாள் கணிப்பொறியில் இதற்கு இணையானது சி என்ற வட்டின் எழுத்து. ஏ, பி என்பவை நெகிழ்வட்டுகளுக்கு உரியவை. வன்வட்டு பின்னால் வந்ததால் சி ஆயிற்று. இன்று கல்லூரியில் சேரும் மாணவர் நெகிழ்வட்டைக் கண்டிருக்கமாட்டார். எனினும் அவருடைய கணிப்பொறியின் முதல் வட்டு மூன்றாம் எழுத்தில்தான் தொடங்குகிறது.

1995-இல் விண்டோஸ் 95 வந்து 255 எழுத்து வரை பெயரிட வழி செய்தது. எட்டெழுத்து விதி அன்றோடு ஒழிந்தது என்று எண்ணினால் அது முழு உண்மையாகாது. பழைய நிரல்களுக்காக நீண்ட பெயர் ஒவ்வொன்றுக்கும் ஓர் எட்டெழுத்துப் புனைபெயரும் உடன் வைக்கப்பட்டது: முதல் ஆறெழுத்து, ஓர் அலைக்குறி, ஓர் எண். ராமகுப்பம் இவ்வாறு ‘ராமகு-அலை-1’ என்ற ஒன்றாக உள்ளே வாழ்ந்தது.

இதைவிட இன்றைக்கும் பயன்பாட்டில் உள்ள சான்று நில வரைபடத்தில் கிடைக்கிறது. 1980-களில் டாஸ் மீது இயங்கிய டிபேஸ் என்ற தரவு நிரலில் ஒரு பத்தியின் தலைப்பு பத்தெழுத்தைத் தாண்டலாகாது. 1990-களில் புவியியல் தகவல் முறைக்கென வந்த ஷேப்ஃபைல் என்ற வரைபட வடிவம், தன் விவரப் பட்டியலுக்கு டிபேஸ் கோப்பையே எடுத்துக்கொண்டது. அவ்வடிவம் உலகெங்கும் இன்னும் வழக்கில் உள்ளது. ஆகவே துணைக்கோள் படத்தின் மீது வரையப்பட்ட புதிய வரைபடத்திலும் ‘வில்லேஜ் நேம்’ என்ற தலைப்பின் கடைசி இரண்டு எழுத்துகளும் ‘மண்டல் நேம்’ என்ற தலைப்பின் கடைசி எழுத்தும் காணாமற் போகின்றன. மாணவர்கள் இத்தகைய பட்டியலைத் திறந்தால் வெட்டுண்ட தலைப்புகளைக் காண்பர். எழுத்தரின் கவனக்குறைவு என்று எண்ணிவிட வேண்டாம். ராமகுப்பத்தின் பெயர் மட்டும் சரியாகப் பத்தெழுத்து என்பதால் இங்கே தப்பிக்கொள்கிறது.

மூன்று எழுத்தில் ஒரு பெயர்

இதுவரை சொன்னவை ஆங்கில எழுத்தைச் சார்ந்தவை. தாய்மொழியில் பெயரை எழுதும்போது வேறு வகைக் கணக்கு வருகிறது. 1988-இல் வகுக்கப்பட்டு 1991-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரமான இஸ்கி குறியீடு, இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே ஒலி வரிசையைப் பயன்படுத்தியது. தெலுங்கு ‘க’வும் தமிழ் ‘க’வும் ஒரே எண். தெலுங்கில் உள்ளிட்ட ஊர்ப் பட்டியலைத் தமிழ் எழுத்தில் காட்ட ஒரு கட்டளை போதும் என்ற நல்ல நோக்கம் அதில் இருந்தது. எல்லை மாவட்டங்களுக்கு இதைவிட உகந்த கருத்து வேறில்லை. ஆனால் ராமகுப்பம் என்பதைத் தெலுங்கில் எழுதும்போது ஈற்று மகரத்திற்குப் பதிலாகச் சுன்னா என்னும் வட்டக்குறி வரும். குறியீட்டுக் கணக்கில் அது ஒன்பது. தமிழில் மகரமும் புள்ளியும் சேர்ந்து பத்து. இரு பட்டியல்களை ஒப்பிடும் பொறிக்கு இவை இரு வேறு ஊர்கள்.

யூனிகோடு முறை இஸ்கியின் வரிசையை ஒட்டியே இந்திய மொழிகளுக்கு இடம் ஒதுக்கியது. ஆனால் தமிழுக்கும் தெலுங்குக்கும் தனித்தனிக் கட்டங்கள். தமிழில் இல்லாத வர்க்க எழுத்துகளுக்கு உரிய இடங்கள் தமிழ்க் கட்டத்தில் இன்றும் வெற்றிடங்களாக இருக்கின்றன. இஸ்கியின் கால்தடம் அது. லினக்ஸ் வழங்கிகளில் கோப்புப் பெயரின் எல்லை 255 எழுத்தன்று, 255 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அங்கே மூன்று பைட் கொள்ளும். ராமகுப்பம் ஆங்கிலத்தில் 10 பைட், தமிழில் 30. கடிதத்தின் பொருளை முழுதும் தமிழில் எழுதிக் கோப்புக்குப் பெயராக வைத்தால் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும்; அதனையே அரசு வழங்கிக்கு ஏற்றும்போது 85 குறிகளைத் தாண்டியிருந்தால் மறுக்கப்படும். எழுத்தர் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுவார். ஆட்சிமொழிச் சட்டம் எதுவும் செய்யாததை ஒரு பைட் எல்லை செய்துவிடுகிறது.

அண்டை மண்டலமான வெங்கடகிரிகோட்டையின் பெயரில் உள்ள ‘கோ’ மற்றொரு சிக்கல். அதன் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். இரட்டைக் கொம்பும் காலும் என இரு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றே. சில இயக்க முறைமைகள் பெயரைச் சேமிக்கும்போதே பிரித்துவிடும், சில பிரிப்பதில்லை. தேடுவோர் கோப்பு இல்லை என்று முடிவு செய்வதும், உண்மையில் அது அங்கேயே இருப்பதும் நேர்கின்றன.

ஊர்ப்பெயரில் நேர்வது காலவிரயம். ஆட்பெயரில் நேர்ந்தால் வருமானமே நின்றுவிடும். இவ்வட்டாரத்தில் தமிழரும் தெலுங்கரும் பெயருக்கு முன்னால் முன்னெழுத்து இடுவர். தமிழர்க்கு அது தந்தையின் பெயர். தெலுங்கர்க்கு அது வீட்டுப் பெயர். ஒரே ‘கே’, இரு பொருள். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரு கட்டங்கள் கொண்ட படிவமோ மேல்நாட்டு வழக்கில் பிறந்தது. வருமான வரியின் நிரந்தரக் கணக்கு எண்ணுக்குரிய படிவம் குடும்பப்பெயரில் வெறும் முன்னெழுத்தை ஏற்பதில்லை. ஆகவே தந்தையின் பெயர் மகனுக்குக் குடும்பப்பெயராகிறது, பேரனுக்கு வேறொன்றாகிறது. நிலப்பதிவில் தெலுங்கில் ஒரு விதம், வங்கியில் ஆங்கிலத்தில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம். தமிழ் ழகரம் ஆங்கிலத்தின் வழியே தெலுங்குக்குச் செல்லும்போது லகரமாகிவிடும். 2019-இல் தொடங்கிய பிரதமரின் விவசாயிகள் நிதித் திட்டத்தில் பெயர்கள் ஆதாரோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் திருத்தம் கோரி உழவர் அலைய வேண்டும். அதுவரை தவணை நிற்கும். பொறி எழுத்துகளை ஒப்பிடுகிறது, ஆளை ஒப்பிடுவதில்லை. அதைச் செய்ய வேண்டியவர் மண்டல அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருக்கிறார். அவருக்கு அந்த அதிகாரம் விதிகளில் தெளிவாகக் கொடுக்கப்பட வேண்டும்.

2020 டிசம்பரில் ஆந்திரப் பிரதேசம் நிலங்களை மறு அளவை செய்யத் தொடங்கியது. அளவை முடிந்த கிராமங்களில் பழைய சர்வே எண்ணுக்கும் உட்பிரிவுக்கும் மாற்றாக நிலத்துண்டு வரைபட எண் தரப்படுகிறது. அதில் சாய்கோடு இல்லை. 2021-இல் மத்திய அரசு அறிமுகம் செய்த தனித்த நில அடையாள எண் 14 குறிகள் கொண்டது. யூனிக்ஸின் 14-க்கும் இதற்கும் உறவு ஏதுமில்லை. புதிய எண்களைக் கணிப்பொறி இடரின்றி ஏற்கும். ஆனால் உழவரின் பெட்டியில் இருக்கும் பாட்டனார் காலத்துப் பத்திரத்தில் 112/2 என்றுதான் எழுதியிருக்கிறது. புதிய எண்ணையும் பழைய எண்ணையும் அருகருகே காட்டும் பட்டியல் கிராம அளவில் அச்சிட்டு ஒட்டப்பட்டால், அவர் தம் நிலத்தைத் தாமே தேடிக்கொள்ள முடியும்.